பத்து நிமிடத்தின் வரலாறு: ஆட்டத்துக்கு முந்தைய நீட்டல் பயிற்சியும் இளம் கூடைப்பந்து வீரர்களும்

ஆட்டம் தொடங்குமுன் வட்டமாக உட்கார்ந்து, காலை நீட்டி, பாதத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணும் வழக்கம் கூடைப்பந்தோடு கூடப் பிறந்ததல்ல. ஆட்டத்துக்கு 130 வயது தாண்டிவிட்டது. அசையாமல் இழுத்துப் பிடிக்கும் இந்த நீட்டலோ 1970களுக்குப் பிறகுதான் பரவலாக வேரூன்றியது. 1998இல் ஆய்வுக்கூடம் அதன்மீது முதல் பெரிய அடியைப் போட்டது. அதற்குப் பிறகு வந்த ஆய்வுகள் முதலில் அதை முற்றாகத் தள்ளின, பிறகு நிதானித்து அளவு பேசத் தொடங்கின. இந்தக் கட்டுரை அந்தப் போக்கைத் தொடர்ந்து செல்கிறது. நீட்டல் நல்லதா கெட்டதா என்ற வழக்கைத் தீர்ப்பது அதன் முதல் நோக்கமல்ல. 12 முதல் 17 வயதுவரை உள்ள ஒரு பள்ளி அணிக்கு ஆட்டத்துக்கு முன் கிடைப்பது பத்து, பதினைந்து நிமிடம். அந்த நேரத்தில் நீட்டல் எதன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்பதே என் கேள்வி.

உடற்பயிற்சி வகுப்பிலிருந்து தப்பி வந்த ஆட்டம்

1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரத்து ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் 18 மாணவர்கள் கொண்ட ஒரு வகுப்பு ஆசிரியர்களுக்குப் பெரும் தலைவலியாக இருந்தது. திறந்த வெளியில் ஓடியாடிப் பழகியவர்களுக்குக் குளிர்கால ஜிம்னாசிய வகுப்பு அறவே பிடிக்கவில்லை. துறைத் தலைவர் லூதர் குலிக், கூரையின் கீழ் ஆடக்கூடிய புதிய விளையாட்டு ஒன்றை இரண்டு வாரத்துக்குள் உருவாக்கும்படி ஜேம்ஸ் நெய்ஸ்மித்திடம் சொன்னார். 13 விதிகள், 10 அடி உயரத்தில் மாட்டிய இரண்டு பீச் பழக்கூடைகள், பக்கத்துக்கு 9 பேர். கூடைப்பந்து பிறந்தது.

அந்த மாணவர்கள் எதிலிருந்து தப்பினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அன்றைய ஜிம்னாசியங்களை ஆண்டவை இரண்டு மரபுகள். ஒன்று, கருவிகளைக் கொண்டு செய்யும் ஜெர்மானியப் பயிற்சி. மற்றொன்று, 1813இல் ஸ்டாக்ஹோமில் பெர் ஹென்ரிக் லிங் நிறுவிய கழகத்திலிருந்து பரவிய ஸ்வீடிஷ் பயிற்சி. கட்டளைக்கு ஏற்ப வளைவது, நிமிர்வது, ஒரு நிலையில் நிற்பது ஆகியவை இரண்டாவதன் உயிர். ஸ்மித் கல்லூரியில் பெண்களுக்கு முதன்முதலாகக் கூடைப்பந்தைக் கற்பித்த செண்டா பெரன்சன் அடிப்படையில் ஸ்வீடிஷ் பயிற்சி ஆசிரியைதான். அவரே 1892 வாக்கில் இந்தப் புதிய ஆட்டத்தைக் கையில் எடுத்தார். அசையா நிலைகளை விட்டு ஓடி வந்த ஆட்டத்துக்குள் முக்கால் நூற்றாண்டு கழித்து அசையா நிலைகள் வேறு வழியாக வந்து சேர்ந்தன.

இந்த வரலாறு நமக்கு அயலானதல்ல. ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி க்ரோ பக் 1920இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரிதான் இந்தியாவில் பி.டி. மாஸ்டர்களை முறையாக உருவாக்கிய முன்னோடி நிறுவனம். ஜிம்னாசியப் பயிற்சியும் பந்தாட்டமும் ஒரே பாடத்திட்டத்தின் கீழ் இங்கே வந்து இறங்கின.

சூடேற்றம் பற்றிய முதல் வழக்கு

ஆட்டத்துக்கு முன் உடலைச் சூடேற்றுவது வேறு, தசையை நீட்டுவது வேறு. வரலாற்றிலும் இவை தனித்தனியாகவே வந்தன. 1945இல் கோபன்ஹேகனில் எர்லிங் ஆஸ்முஸ்ஸெனும் ஓவே போயேயும் வெளியிட்ட ஆய்வு, சூடேற்றத்துக்கு உடலியல் அடிப்படை தந்தது. தசையின் வெப்பம் உயர்ந்தால் குறுகிய நேரக் கடும் உழைப்பு மேம்படுகிறது என்று அவர்கள் காட்டினார்கள். அந்த வெப்பம் ஓடிப் பெற்றதா, வெளியிலிருந்து பெற்றதா என்பது இரண்டாம்பட்சமாக இருந்தது. வெப்பம்தான் கருவி என்ற இந்த முடிவு இன்றுவரை பெரிதாக ஆட்டம் காணவில்லை.

ஆனாலும் பத்தாண்டுக்குள் எதிர்வாதம் கிளம்பியது. 1956இல் பீட்டர் கார்போவிச்சும் கிரெய்டன் ஹேலும், சூடேற்றம் ஓட்ட வீரர்களின் நேரத்தை மாற்றவில்லை என்று எழுதினார்கள். கார்போவிச் பணியாற்றியது ஸ்பிரிங்ஃபீல்டில். கூடைப்பந்து பிறந்த அதே நிறுவனத்தில், ஆட்டத்துக்கு முன் எதுவும் செய்யத்தான் வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது. 1961இல் மேசி, ஜான்சன், கிரேமர் மூவரும் இன்னொரு படி சென்றார்கள். சூடேற்றியதாலேயே நன்றாகச் செய்வோம் என்ற நம்பிக்கைதான் பலன் தருகிறதோ என்று ஐயுற்று, பங்கேற்றவர்களை மனோவசியத்துக்கு உட்படுத்தி, தாங்கள் சூடேற்றிக்கொண்டோமா இல்லையா என்பதே அவர்களுக்குத் தெரியாதபடி செய்து சோதித்தார்கள். முறை விசித்திரமாகத் தோன்றலாம். அவர்கள் தொட்ட கேள்வி மிகச் சரியானது. 57 ஆண்டு கழித்து அதே கேள்வி நீட்டலிலும் திரும்ப வந்தது. அதைப் பின்னால் பார்ப்போம்.

டி விரீஸ் சொன்னதும் சொல்லாததும்

அசையாமல் இழுத்துப் பிடிக்கும் நிலை நீட்டலின் வரலாற்றில் தவிர்க்க முடியாத பெயர் ஹெர்பர்ட் டி விரீஸ். கலிஃபோர்னியாவில் பணியாற்றிய இந்த உடலியலாளர் 1961, 1962, 1963 என மூன்று ஆண்டுகளில் மூன்று கட்டுரைகள் எழுதினார். மூன்றையும் சேர்த்துப் படித்தவர்கள் குறைவு என்பதே இந்தக் கதையின் முடிச்சு.

முதல் கட்டுரையின் பொருள் வலி. கடும் உழைப்புக்குப் பின் வரும் தசைவலி, தசை தன்னையறியாமல் இறுகுவதால் வருகிறது என்பது அவரது கருதுகோள். நீட்டிப் பிடித்தால் இறுக்கம் தளரும், வலி குறையும் என்றார். இரண்டாவது கட்டுரை இரண்டு முறைகளை ஒப்பிட்டது. எம்பி எம்பி இழுக்கும் பழைய முறையும் மெல்ல இழுத்துப் பிடிக்கும் முறையும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு நெகிழ்வைக் கூட்டின. அப்படியிருந்தும் அவர் இரண்டாவதையே பரிந்துரைத்தார். அதில் தசையை எல்லை மீறி இழுத்துவிடும் ஆபத்து குறைவு, செலவாகும் ஆற்றலும் குறைவு. எம்பி இழுத்தால் உடலியலாளர் ஷெரிங்டன் விளக்கிய நீட்சி அனிச்சை தூண்டப்பட்டு, தளர வேண்டிய தசையே எதிர்த்துச் சுருங்கும் என்ற வாதமும் பயிற்சியாளர்களை ஈர்த்தது.

மூன்றாவது கட்டுரைதான் ஆட்டத்திறன் பற்றியது. நீட்டிவிட்டு 100 கஜம் ஓடினால் வேகம் கூடுமா, ஆக்சிஜன் செலவு குறையுமா என்று அவர் பார்த்தார். மூட்டுகளின் அசைவு கூடியது. வேகம் கூடவில்லை. அதாவது நிலை நீட்டலைப் பரிந்துரைத்தவரே, ஆட்டத்துக்கு முன் செய்தால் வேகத்துக்குப் பலன் தெரியவில்லை என்று 1963லேயே பதிவு செய்துவிட்டார். எவ்வளவோ பேர் மேற்கோள் காட்டிய ஒரு ஆய்வாளரின் இந்த முடிவு எப்படி இத்தனை காலம் மூலையில் கிடந்தது என்பது எனக்கு இன்றும் வருத்தம் தரும் கேள்வி. வலிக்கான மருந்து, காயத்துக்கான காப்பாகவும் திறனுக்கான உரமாகவும் பெயர் மாறியது. அந்தப் பெயர் மாற்றத்துக்கு எந்தச் சோதனையும் துணை நிற்கவில்லை.

பெயர் மாறிய காலம் 1970கள். கென்னத் கூப்பரின் 'ஏரோபிக்ஸ்' 1968இல் வெளிவந்தபின் லட்சக்கணக்கானோர் ஓடத் தொடங்கினார்கள். ஓடியவர்களுக்குக் கெண்டைக்காலும் முழங்காலும் வலித்தன. பாப் ஆண்டர்சன் 1975இல் தாமே அச்சிட்டு, 1980இல் பதிப்பகம் வழியாக வெளியிட்ட 'ஸ்ட்ரெச்சிங்' நூல், மனைவி ஜீன் வரைந்த எளிய கோட்டோவியங்களோடு வீடுவீடாகச் சென்றது. பி.டி. மாஸ்டருக்கும் இதைவிட வசதியான பயிற்சி கிடைக்காது. கருவி வேண்டாம், இடம் வேண்டாம், ஐம்பது பிள்ளைகளை ஒரே விசிலில் அமைதிப்படுத்தலாம். அணியின் தலைவன் எண்ணுவான், மற்றவர்கள் பின்தொடர்வார்கள். இந்த ஒழுங்குதான் வழக்கத்தைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். தசை பற்றிய அறிவுக்கு அதில் பங்கு குறைவு.

1998க்குப் பிறகு

கொக்கோனென், நெல்சன், கார்ன்வெல் ஆகியோர் 1998இல் வெளியிட்ட சுருக்கமான கட்டுரை இந்த அமைதியைக் கலைத்தது. தொடர்ந்து நீட்டல் செய்தபின் ஒரே தடவையில் தூக்கக்கூடிய அதிகபட்ச எடை, முழங்காலை மடக்கும்போது 7.3 சதவீதமும் நீட்டும்போது 8.1 சதவீதமும் குறைந்தது. 2000இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபவுல்ஸ், சேல், மெக்டூகல் மூவரும் கெண்டைக்கால் தசையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 13 தடவை, தடவைக்கு 135 விநாடி, மொத்தம் கிட்டத்தட்ட அரை மணி நேரம் இழுத்தார்கள். உடனடியாக 28 சதவீத விசை போனது. ஒரு மணி நேரம் கழித்தும் 9 சதவீதம் திரும்பவில்லை.

ஏன் குறைகிறது? இரண்டு வழிகள் பேசப்படுகின்றன. ஒன்று நரம்பு வழி. நீண்ட நேரம் நீட்டிய தசைக்கு மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் வரும் தூண்டல் சற்று நேரம் மங்குகிறது. மற்றொன்று இயந்திர வழி. குதிக்குமுன் வீரன் சட்டென முழங்காலை மடக்கித் தாழ்கிறான். அந்தக் கணத்தில் தசைநாண் இழுபட்டு ஆற்றலைச் சேமிக்கிறது, எழும்போது திருப்பித் தருகிறது. உண்டிவில்லின் ரப்பர் தொய்ந்துபோனால் கல் தூரம் போகாது. தசைநாணின் விறைப்பு குறைந்தாலும் அதுதான் நடக்கும் என்பது வாதம். குபோவும் சகாக்களும் 2001இல் பத்து நிமிட நீட்டலுக்குப் பிறகு உயிருள்ள மனிதர்களின் தசைநாணில் விறைப்புக் குறைவதை அல்ட்ராசவுண்ட் மூலம் காட்டினார்கள். கூடைப்பந்தில் ரீபவுண்டுக்கு எழுவது, லே-அப்புக்குத் தாவுவது, தடுக்க எம்புவது எல்லாமே இந்த மடக்கி எழும் சுழற்சிதான். ஆகவே, இந்த முடிவுகள் மற்ற ஆட்டங்களைவிடக் கூடைப்பந்துக்கு நெருக்கமாக வந்து தைத்தன.

அதே ஆண்டுகளில் காயத்தடுப்பு என்ற தூணும் சரிந்தது. ஆஸ்திரேலிய ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்த 1,538 பேரை வைத்து ராட் போப்பும் சகாக்களும் நடத்திய ஆய்வு 2000இல் வெளியானது. ஆறு கால் தசைக் குழுக்களை ஒவ்வொன்றும் 20 விநாடி நீட்டிய பிரிவில் 158 காயங்கள், நீட்டாத பிரிவில் 175. புள்ளியியல் கணக்கில் இந்த வித்தியாசம் செல்லாது. 2002இல் ஹெர்பர்ட்டும் கேப்ரியலும் தொகுத்துப் பார்த்தபோது, டி விரீஸ் தொடங்கி வைத்த வலிக்குறைப்பு வாதமும் நிற்கவில்லை. 100 மில்லிமீட்டர் அளவுகோலில் வலி குறைந்தது 2 மில்லிமீட்டருக்கும் கீழே.

அளவு என்ற மறந்துபோன கேள்வி

இந்த இடத்தில் ஆய்வுலகமே ஒரு அவசரத்தில் விழுந்தது. நீட்டல் விசையைக் குறைக்கிறது என்ற தலைப்பு பயிற்சியாளர்களின் கருத்தரங்குகளில் பரவியது. எவ்வளவு நேரம் நீட்டினால் என்ற பின்பாதி உதிர்ந்துவிட்டது. பள்ளி அணியில் எந்தப் பிள்ளையும் கெண்டைக்காலை அரை மணி நேரம் இழுப்பதில்லை. பத்து விநாடி, மிஞ்சிப்போனால் இருபது விநாடி.

பின்பாதியை மீட்டெடுத்தவர்கள் தொகுப்பாய்வாளர்கள். 2012இல் கேயும் பிளேசவிச்சும் 106 ஆய்வுகளை அலசி, 30 விநாடிக்குக் குறைந்த நீட்டலால் பாதிப்பு இல்லை, 60 விநாடியை எட்டும்போதுதான் பாதிப்பு வாய்ப்புள்ளதாகிறது என்றார்கள். சிமிச், ஷாராபோன், மார்கோவிச் மூவரின் தொகுப்பில் 104 ஆய்வுகள். அதில் சராசரி இழப்பு விசையில் 5.4 சதவீதம், வெடிப்புத்திறன் சார்ந்த செயல்களில் ஏறக்குறைய 2 சதவீதம். 2016இல் பெம், பிளேசவிச், கே, மெக்ஹ்யூ நால்வரும் இன்னும் கூர்மையாக்கினார்கள். தசைக்கு 60 விநாடிக்குள் நிலை நீட்டல் செய்தால் இழப்பு 1.1 சதவீதம். அதற்கு மேல் போனால் 4.6. அசைந்தபடி செய்யும் இயங்கு நீட்டலில் 1.3 சதவீத ஆதாயம்.

இந்த எண்களை ஆடுகளத்துக்குக் கொண்டு வந்து பார்க்கலாம். 40 சென்டிமீட்டர் எம்பும் 15 வயதுச் சிறுமியை எடுத்துக்கொள்வோம். 1.1 சதவீத இழப்பு என்றால் நாலரை மில்லிமீட்டர் கூட இல்லை. 4.6 சதவீதம் என்றால் ஏறக்குறைய 18 மில்லிமீட்டர். இயங்கு நீட்டலால் கிடைப்பது 5 மில்லிமீட்டர். ரீபவுண்டில் பந்தை விரல்நுனியால் தட்டிப் பறிப்பவர்களுக்கு 18 மில்லிமீட்டர் பொருட்படுத்த வேண்டிய தூரம்தான். நாலரை மில்லிமீட்டரைக் காட்டி நீட்டலே தீங்கு என்று பிள்ளைகளைப் பயமுறுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பிள்ளைகளிடம் செய்த சோதனைகள்

மேற்சொன்ன ஆய்வுகளில் பெரும்பாலானவை வளர்ந்தவர்களிடம் நடந்தவை. பிள்ளைகளிடம் முதலில் வந்தவற்றில் ஒன்று, 2003இல் மெக்நீலும் சாண்ட்ஸும் பயிற்சி பெற்ற இளம் ஜிம்னாஸ்டிக் சிறுமிகளிடம் செய்தது. நீட்டலுக்குப் பின் அவர்கள் காற்றில் நின்ற நேரம் குறைந்தது. 2005இல் ஏவரி ஃபேகன்பாம் குழுவின் ஆய்வு வந்தது. சராசரி 11 வயதுள்ள 60 பிள்ளைகள் வெவ்வேறு நாட்களில் மூன்று வித முன்பயிற்சி செய்தார்கள். முதலாவதில் 5 நிமிட நடையும் 5 நிமிட நிலை நீட்டலும். இரண்டாவதில் 10 நிமிட இயங்கு பயிற்சி. மூன்றாவதில் அதே 10 நிமிடத்தோடு, 15 சென்டிமீட்டர் உயரப் பெட்டியிலிருந்து இறங்கி உடனே எம்பும் 3 தாவல்கள். நிலை நீட்டல் நாளில் செங்குத்துத் தாவலும் இங்குமங்கும் ஓடித் திரும்பும் ஓட்டமும் மற்ற இரு நாட்களைவிடப் பின்தங்கின. உட்கார்ந்து கையை எட்டும் சோதனையில் மூன்று நாட்களுக்கும் வித்தியாசமே இல்லை.

அந்தக் கடைசி வரி பலர் கண்ணில் படாமல் போய்விட்டது. நெகிழ்வுக்காகத்தான் நீட்டுகிறோம் என்றால், அசைந்து செய்யும் பயிற்சியும் அந்த வேளைக்குத் தேவையான நெகிழ்வைத் தந்துவிடுகிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தச் சோதனையில் நிலை நீட்டலுக்கு முன்னால் இருந்தது நடை மட்டும். மற்ற இரண்டில் பத்து நிமிடமும் உடல் உழைத்தது. ஆகவே பிள்ளைகள் பின்தங்கியதற்கு நீட்டல் காரணமா, அல்லது ஆஸ்முஸ்ஸென் 1945இல் சொன்ன வெப்பம் போதாததா? இந்த ஆய்வு இரண்டையும் பிரித்துக் காட்டவில்லை. பள்ளி மைதானத்துக்கு மட்டும் பாடம் தெளிவு. பாதி நேரத்தை உட்கார்ந்து கழிக்கும் முன்பயிற்சி உடலை ஆட்டத்துக்குத் தயாராக்காது, காரணம் எதுவாக இருந்தாலும்.

கூடைப்பந்திலேயே நடந்த ஆய்வுகளில் 2006இல் வூல்ஸ்டென்ஹியூமும் சகாக்களும் செய்தது குறிப்பிடத்தக்கது. கூடைப்பந்து வகுப்பில் சேர்ந்த 43 கல்லூரி மாணவ மாணவியரை ஆறு வாரம் நான்கு பிரிவாகப் பயிற்றினார்கள். எம்பி நீட்டல், நிலை நீட்டல், விரைவோட்டம், வெறுமனே பந்தெறிதல் ஆகியவை அந்த நான்கு. நீட்டிய உடனே அளந்ததோடு நிற்காமல், 20 நிமிடம் ஆட விட்டும் தாவலை அளந்தார்கள். அந்த ஆட்டத்துக்குப் பின் தாவல் உயர்ந்தது எம்பி நீட்டிய பிரிவில் மட்டும். டி விரீஸ் காலத்தில் ஓரங்கட்டப்பட்ட முறை இது. இதை வைத்து எம்பி நீட்டலைப் பிள்ளைகளுக்குச் சிபாரிசு செய்ய நான் முன்வரமாட்டேன். ஆனால் நிலை நீட்டல் பிரிவினர் ஆட்டத்துக்குப் பின் சரிந்துவிடவில்லை என்பது முக்கியம். நீட்டலுக்கும் குதிப்புக்கும் இடையே ஆட்டம் புகுந்தால் கணக்கு மாறுகிறது.

இதை நேராகச் சோதித்தது பெர்த் நகரத்தில் பிளேசவிச் குழு 2018இல் வெளியிட்ட ஆய்வு. 20 குழு விளையாட்டு வீரர்கள், நான்கு நாட்கள். ஒரு நாள் 5 விநாடி நிலை நீட்டல், ஒரு நாள் 30 விநாடி, ஒரு நாள் இயங்கு நீட்டல், ஒரு நாள் எதுவும் இல்லை. எல்லா நாளும் அதற்குப்பின் முழுமையான, படிப்படியாக வேகம் ஏறும் முன்பயிற்சி. தாவல், விரைவோட்டம், திசைமாற்றம் எதிலும் நான்கு நாட்களுக்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் நீட்டல் செய்த நாட்களில் தாங்கள் நன்றாகச் செய்வோம் என்று வீரர்கள் கூடுதலாக நம்பினார்கள். மேசியும் நண்பர்களும் 1961இல் மனோவசியத்தால் தடுக்க முயன்ற அதே நம்பிக்கை இது. பதினான்கு வயதில் முதல் மாவட்டப் போட்டிக்கு இறங்கும் பிள்ளைக்கு அந்த நம்பிக்கை சிறிய விஷயமல்ல. பத்து விநாடி நீட்டினால் மனம் தெளிகிறது என்றால், பின்னால் ஓட்டமும் தாவலும் இருக்கும்வரை அதைத் தடுக்க எந்த ஆதாரமும் இல்லை.

நேரத்தின் விலை

அப்படியானால் பழைய வழக்கம் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று விட்டுவிடலாமா? கூடாது என்பேன். காரணம், அந்த நிமிடங்களைக் கொண்டு வேறு என்ன செய்ய முடியும் என்பதற்கு இப்போது உறுதியான சான்றுகள் இருக்கின்றன.

2007இல் கரோலின் எமெரி குழு கனடாவின் கால்கரியில் 12 முதல் 18 வயதுவரையான 920 பள்ளிக் கூடைப்பந்து வீரர்களிடம் ஆய்வு நடத்தியது. வழக்கமான முன்பயிற்சியோடு சமநிலைப் பயிற்சியும், வீட்டில் ஆடும் பலகைமேல் நின்று பழகுவதும் சேர்த்தபோது திடீர்க் காயங்கள் 29 சதவீதம் குறைந்தன. 2011இல் சிந்தியா லாபெல்லா குழு சிகாகோ அரசுப் பள்ளிகளில், கால்பந்தும் கூடைப்பந்தும் ஆடும் ஏறக்குறைய 1,500 பெண்களிடம் 20 நிமிட முன்பயிற்சி ஒன்றைச் சோதித்தது. வலுவூட்டல், தாவல், சமநிலை, சுறுசுறுப்பு எல்லாம் கலந்தது அது. பயிற்சியாளர்களுக்கே முதலில் கற்றுக்கொடுத்து, அவர்கள் வழியாகப் பிள்ளைகளுக்குச் சென்றது. யாரோடும் மோதாமல் வரும் திடீர்க் கால் காயங்கள், ஆயிரம் பங்கேற்புக்கு 1.61 என்பதிலிருந்து 0.71 ஆகக் குறைந்தன. நார்வேயில் 13 முதல் 17 வயதுக் கால்பந்துச் சிறுமிகள் 1,892 பேரிடம் 2008இல் பதிவான முடிவும் இதே திசைதான். இந்தத் திட்டங்களின் பலன் உட்கார்ந்து எண்ணும் நீட்டலிலிருந்து வந்ததல்ல. ஒற்றைக் காலில் இறங்குவது, இறங்கும்போது முழங்கால் உள்வாங்காமல் நேராக நிற்பது, திடீரென நின்று திரும்புவது ஆகியவைதான் இவற்றின் உள்ளடக்கம்.

பள்ளி ஆடுகளத்தில் இதைச் செய்யப் பெரிய ஏற்பாடு வேண்டாம். முதல் மூன்று நிமிடம் பந்தைத் தட்டியபடி நிதான ஓட்டம், தற்காப்பு நிலையில் பக்கவாட்டு நகர்வு. அடுத்து அரைக்களத்தின் நீளத்துக்கு நடந்தபடியே முழங்கால் தாழ்த்தல், காலை முன்னும் பின்னும் வீசுதல், குதிகாலைத் தரையில் ஊன்றி முழங்காலை விரலுக்கு முன்னே தள்ளுதல். பிறகு ஒற்றைக் காலில் எம்பி இறங்கி இரண்டு விநாடி அசையாமல் நிற்பது. கடைசியில் ஆட்ட வேகத்தில் லே-அப், முழு வேகத்தில் இரண்டு மூன்று ஓட்டம். சூடேற்றி, தசைகளை எழுப்பி, மூட்டுகளை அசைத்து, கடைசியில் உச்ச வேகத்தைத் தொடும் இந்த வரிசையை 2007இல் இயன் ஜெஃப்ரிஸ் ஒரு சட்டகமாக வகுத்தார். கரிசல் மண்ணிலோ சிமெண்டுத் தரையிலோ, ஒரே பந்தை வைத்துக்கொண்டும் இதைச் செய்யலாம்.

நீட்டலுக்கு உரிய இடம்

இவ்வளவும் சொன்னபின், இளம் கூடைப்பந்து வீரர்களுக்கு நெகிழ்வே வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. உயரம் மளமளவென்று ஏறும் வயது பெண்களுக்கு 12 ஒட்டியும் ஆண்களுக்கு 14 ஒட்டியும் வருகிறது. முழங்காலுக்குக் கீழே, தசைநாண் எலும்பில் பற்றும் இடம் வீங்கி வலிக்கும் ஆஸ்குட்-ஷ்லாட்டர் கோளாறு இந்த வயதின் தொல்லை. சற்று மூத்தவர்களுக்குக் குதிப்பவர் முழங்கால் எனப்படும் தசைநாண் வலி வருகிறது.

இதைப் பற்றி ஸ்வீடனின் லுட்விக் பாக்மனும் பேட்ரிக் டேனியல்சனும் 2011இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையிலேயே எனக்கு மிகவும் பயனுள்ளதாகப் படுகிறது. 14 முதல் 20 வயதுவரையான முன்னணி இளம் கூடைப்பந்து வீரர்களை ஓராண்டு பின்தொடர்ந்தார்கள். இறுதிக் கணக்கில் இருந்த 75 பேரில் 12 பேருக்கு அந்த முழங்கால் வலி வந்தது. ஆண்டின் தொடக்கத்தில் அளந்தவற்றில் தனித்துத் தெரிந்தது கணுக்கால். பாதத்தை மேல்நோக்கி மடக்கும் கோணம் 36.5 பாகைக்குக் குறைவாக இருந்தவர்களுக்கு வலி வரும் வாய்ப்பு 18.5 முதல் 29.4 சதவீதம். அதற்கு மேல் இருந்தவர்களுக்கு 2 சதவீத அளவுதான். கணுக்கால் மடங்க மறுத்தால், தாவி இறங்கும் அதிர்ச்சியை முழங்காலின் தசைநாண் தாங்க வேண்டியிருக்கிறது. அடிக்கடி சுளுக்கிக்கொண்ட கணுக்கால் இறுகிப்போவதும் கூடைப்பந்தில் சர்வசாதாரணம்.

இந்தக் கோணத்தை ஆட்டத்துக்கு முந்தைய பத்து விநாடியில் சம்பாதிக்க முடியாது. நீட்டலால் கூடும் நெகிழ்வின் பெரும்பகுதி தசை நீள்வதால் வருவதல்ல, இழுப்பைப் பொறுத்துக்கொள்ளும் உணர்வு மாறுவதால் வருகிறது என்று வெப்ளரும் மாக்னூசனும் 2010இல் வாதிட்டார்கள். ஒரு தடவை நீட்டிப் பெற்ற அசைவு சிறிது நேரத்தில் போய்விடும். வாரக்கணக்கில் தொடர்ந்தால்தான் தங்கும். ஆகவே கெண்டைக்காலுக்கும் பின்தொடைக்கும் ஒரு நிமிடத்துக்கு மேல் நீளும் நீட்டலின் இடம், பயிற்சி முடிந்த பிறகோ, இரவு வீட்டில் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருக்கும்போதோ. அங்கே விசை குறைந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. சுவரிலிருந்து பாதத்தைச் சற்றே தள்ளி வைத்து, குதிகால் தூக்காமல் முழங்காலைச் சுவரில் தொட வைக்கும் எளிய சோதனையை மாதம் ஒருமுறை செய்து, இரண்டு காலுக்கும் உள்ள வித்தியாசத்தை நோட்டில் குறித்து வைக்கப் பயிற்சியாளர் பிள்ளைகளையே பழக்கலாம்.

பெஞ்சில் உட்காரும் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்பயிற்சி முடித்த கூடைப்பந்து வீரர்கள் சும்மா உட்கார்ந்திருக்கும்போது அவர்களின் தாவலும் ஓட்டமும் நிமிடத்துக்கு நிமிடம் சரிவதைக் கலாசூலாஸும் சகாக்களும் 2012இல் காட்டினார்கள். பள்ளி அணியில் 12 பேர் இருந்தால் ஏழு பேர் பெஞ்சில்தான் தொடங்குகிறார்கள். மூன்றாவது கால்பகுதியில் சட்டென்று எழுப்பி உள்ளே அனுப்பும்போது, அவர்கள் ஆட்டத்துக்கு முன் செய்த எந்தப் பயிற்சியின் வெப்பமும் அநேகமாக உடலில் மிச்சமிருக்காது. மாற்று வீரரை அழைக்க நினைக்கும்போதே இரண்டு நிமிடம் முன்னதாகச் சொல்லி, பெஞ்சுக்குப் பின்னால் குதிக்கவும் சிறு தூரம் ஓடவும் விட்டால், நிலை நீட்டலைப் பற்றிய எந்தத் தீர்ப்பையும்விட அந்தப் பிள்ளைக்கு அது அதிகம் உதவும்.